நோட்டீசுக்காரர் எடுத்து வைத்தவை

ஒரு மனுஷன் தன் வீட்டுத் தகரப்பெட்டிக்குள் இன்னொரு மனுஷனுடைய பல்லைப் பத்திரமாக வைத்திருப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருய்யா என்றுதான் சொல்லியிருப்பேன். என் கண்ணால் பார்த்தேன். சின்ன வெள்ளைத் துணி முடிச்சு. அரக்குச் சிவப்புப் பட்டு நூலால் மூன்று சுற்று சுற்றியிருந்தது. நோட்டீசுக்காரர் அதை அவிழ்த்து என் உள்ளங்கையில் கொட்டினார். ஏதோ கல்கண்டு தருகிறார் என்று நினைத்து நான் வாய்க்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோய்விட்டேன்.

“அட, தின்னுடாத பா” என்றார். “பல்லு அது. போன பங்குனி நாலாம் நாளு நாயனம் வாசிச்சாரே, அவரோட முன்பல்லு. ஆடிக்கினே இருந்துதாம். வாசிப்பு முடிஞ்சி எழுந்திருக்கறப்போ கையில வந்துட்டுது.”

நான் கையை உதறிய வேகத்தில் பல் தறிக்குழிக்குள் போய் விழுந்தது. அப்புறம் அரை மணி நேரம் அவரும் அவர் மனைவியும் குழிக்குள் இறங்கித் தேடினார்கள். நான் மேலே நின்றுகொண்டு திட்டிக்கொண்டிருந்தேன்.

“திருடிக்கினு வந்தீங்களா மாமா?”

“சேச்சே. கேட்டுத்தான் வாங்கினேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பார்த்துக்கினு இருந்தாரு. அப்புறம் வெத்தலையில மடிச்சிக் குடுத்தாரு.”

அவர் எங்கள் தெருவில் பட்டுப்புடவை நெய்தவர். எனக்கு முப்பது வயதென்றால் அவருக்கு ஐம்பதைத் தொட்டிருக்கும். சொந்த உறவில்லை, ஒரே ஜாதிசனம். என் அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு மாமா. ஆனால் தெருவில் குஞ்சு குளுவான் வரைக்கும் அவருக்கு நோட்டீசுக்காரர் என்றுதான் பெயர். காஞ்சிபுரத்தில் கோயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் நெசவுக்காரர்களாகிய எங்களுக்கென்று தெருமுனையில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. பங்குனி உற்சவத்தை ஒட்டி அதன் எதிரே பந்தல் போட்டுப் பத்து நாள் சங்கீதம் வைப்போம். அந்தப் பத்து நாளும் சாயங்காலத்தில் ஒரு வீட்டிலும் தறிச் சத்தம் கேட்காது. மறுநாள் காலையில் பந்தலைப் பெருக்க ஆள் வருவதற்கு முன்னால் அவர் போய்விடுவார். கீழே கிடக்கிற நோட்டீஸ், கமிட்டிக்காரர்கள் குத்திக்கொண்ட ரோஸ் நிற பேட்ஜ், வித்வான் கழற்றிப் போட்ட மாலையில் ஒரு சரம், அறுந்த தம்புராக் கம்பி, மிருதங்கத்தின் இடது பக்கத்தில் அப்பிச் சுரண்டி எறிந்த ரவை உருண்டை, தொண்டைக்காக ஒரு பாடகர் மென்று துப்பிய அதிமதுரக் குச்சி என்று சகலத்தையும் பொறுக்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வருவார்.

எனக்கு அவரை இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம், பந்தலுக்கு மைக் செட் கட்டுகிறவன் நான். கோயிலுக்குப் பக்கத்திலேயே ரேடியோ ரிப்பேர் கடை. அப்பா செத்த பிறகு தறியை விற்றுவிட்டுக் கடை போட்டேன். தறியில் உட்காரப் பொறுமை வேண்டும், அது எனக்குக் கிடையாது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அந்தக் காலத்தில் நான் தூக்கிப் போட்டு உடைத்த தம்ளர்களையும் தட்டுகளையும் சேர்த்து வைத்திருந்தால் அதற்கே ஒரு பெட்டி வேண்டியிருக்கும்.

அவர் பொறுக்கியதோடு விட்டாலாவது பரவாயில்லை. அதைப் பாதுகாத்த விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பட்டுப்புடவைக்கு என்னவெல்லாம் செய்வார்களோ அதையெல்லாம் நோட்டீசுக்கும் செய்வார். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பெட்டியைத் திறந்து, நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பிலேயே மடித்தால் விட்டுப்போகும் என்று ஒரு விரற்கடை தள்ளி மடித்து, வசம்பும் மிளகும் போட்டுப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், எழுத வராது. அதனால் எந்த வருஷத்துப் பொருள் என்பதை நூலின் நிறத்தில் அடையாளம் வைத்திருந்தார். அந்தப் பங்குனியில் அவர் தறியில் என்ன நிறப் புடவை ஓடியதோ அந்த நிறக் கழிவுப் பட்டால் அந்த வருஷத்து முடிச்சுகளைக் கட்டுவார். “அது மாம்பழ மஞ்ச வருசம்” என்பார். “கிளிப்பச்ச வருசத்துல ஒரு புல்லாங்குழல்காரரு வந்தாரு பாரு” என்பார். கேட்கிறவனுக்குத் தலை சுற்றும்.

ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டு ஓட்டுக்கூரை நாலு இடத்தில் ஒழுகியது. ஒயரில் தண்ணீர் இறங்குகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள், போனேன். வீட்டிலேயே காய்ந்திருந்தது ஒரே மூலை. அந்த மூலையில் பெட்டி இருந்தது. அவர் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் நனைந்துகொண்டிருந்தாள்.

“பாரு பா உங்க மாமாவ” என்றாள். “கட்டினவ நனையறேன். பல்லு நனையக்கூடாதாம்.”

“நீ தொடச்சிக்குவ” என்றார் அவர் சாவகாசமாக. “அதுங்க இன்னா பண்ணும்?”

அந்தம்மாள் சிரித்துவிட்டாள். நானாயிருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன் என்று நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன்.

அவரிடம் அவிழ்க்காத முடிச்சு ஒன்று இருந்தது. சாயம் போடாத வெள்ளைப் பட்டு நூலில் கட்டியது. எந்த வருஷம், யாருடையது, எதுவும் சொல்ல மாட்டார். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது நான் அதை எடுத்து நகத்தால் நெருடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“இது பெட்டியில வைக்கச் சொல்லி என்னாண்ட ஒருத்தரு குடுத்தது. காட்டச் சொல்லிக் குடுக்கல” என்றார்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது கிடையாது, அன்றைக்கும் வரவில்லை. அந்த முடிச்சில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாதாம்.

இப்போது என் தங்கை பூங்காவனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நான், அம்மா, பூங்கா, மூன்று பேர்தான். பூங்கா ஒரு பாட்டு டீச்சரம்மாவிடம் சனி, ஞாயிறுகளில் பாட்டுக் கற்றுக்கொண்டாள். ஒரு வருஷம் ஆறாம் நாள் கச்சேரிக்கு மதராஸிலிருந்து வர வேண்டிய பாட்டுக்கார அம்மாளின் கார் ஐயம்பேட்டைக்குப் பக்கத்தில் நின்றுபோயிற்று. பந்தல் நிறைய ஜனம். கைதட்டிக் கலாட்டா செய்ய ஆரம்பித்தார்கள். கமிட்டிக்காரர்கள் வேர்த்துப்போய் நிற்கும்போது நோட்டீசுக்காரர்தான் எழுந்து, “நம்ம பூங்கா பாடுமே, ஏறச் சொல்லுங்க” என்றார். அவள் பயந்து அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாதான் பிடித்துத் தள்ளினாள்.

அரை மணி நேரம் பாடினாள், கல்யாணி. கலாட்டா செய்தவர்கள் உட்கார்ந்தார்கள். நான் மைக் பக்கத்தில் இருந்தேன். ரிப்பேருக்கு வந்த ஒரு ஸ்பூல் டேப்ரெக்கார்டர் அன்றைக்கு என்னிடம் இருந்தது. சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான் அதைச் சொருகி ஓட விட்டேன். தங்கை பாட்டைப் பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. அந்த மெஷின்காரர் வேறு புது மெஷின் வாங்கிக்கொண்டு இதை என்னிடமே விட்டுவிட்டார். டேப் ஒரு மூலையில் கிடந்தது.

பூங்காவை ஓரிக்கையில் கட்டிக்கொடுத்தோம். எட்டு மாதம் வாழ்ந்தாள். விஷக்காய்ச்சல் வந்தது, ஆறு நாளில் போய்விட்டாள். இருபது வயது முடியவில்லை. எங்களிடம் அவள் கல்யாண போட்டோ ஒன்றுதான் இருந்தது, அதிலும் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள், முகம் தெரியாது. அப்போதுதான் டேப் ஞாபகம் வந்தது. தேடி எடுத்துக் கடையிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

பாட்டு முடிகிற வரைக்கும் அம்மா அசையவில்லை. முடிந்ததும் எழுந்து உள்ளே போய் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். எனக்கொன்று, பக்கத்தில் இன்னொன்று. “பாடிக் களைச்சிப் போயிருப்பா. அவளுக்கு முதல்ல கொஞ்சம் மோரு ஊத்து பா” என்றாள்.

பயத்தில் வேறொருவன் அழுதிருப்பான். எனக்குக் கோபம் வந்தது. “செத்துட்டாம்மா அவ, செத்துட்டா” என்று கத்தி அந்தத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மெஷினையும் டேப்பையும் சைக்கிளில் கட்டி நோட்டீசுக்காரர் வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன்.

“மாமா, இது உங்க பெட்டியில இருக்கட்டும். உங்கள விட்டா பத்திரமா வைக்க ஆள் கெடையாது. யாருக்கும் போட்டுக் காட்டக்கூடாது. முக்கியமா எங்கம்மாவுக்கு.”

“கேட்டாங்கன்னா?”

“கேட்டாலும் போடக்கூடாது. கிறுக்குப் பிடிச்சிடும் அவங்களுக்கு. எனக்கு வாக்குக் குடுங்க.”

டேப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “நம்ம பந்தல்ல பாடினது பா. நானே கேட்டு வாங்கியிருக்க வேண்டியது” என்றார். வாக்குக் கொடுத்தார். ஊதா நூலில் கட்டினார். அவள் பாடியது ஊதா வருஷம்.

அம்மா அந்த டேப்பைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. சமையல் செய்தாள், ராட்டையில் நூல் சுற்றினாள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் வந்தாள். நாள் ஆக ஆகத் தேறிவிட்டாள், நான் செய்ததுதான் சரி என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட. மூன்று வருஷம் இப்படிப் போயிற்று.

ஒரு தை மாதக் காலை. ஏழு மணி இருக்கும். கடைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் காலை நேரத்தில் பாவு விரிப்பது வழக்கம். நெசவுக்குப் போகும் முன் நூல் அறுந்துபோகாமல் இருக்க, தெருவின் நீளத்துக்கு மூங்கில் கட்டி நூலை இழுத்து விரித்து, அரிசிக் கஞ்சியை பிரஷ்ஷால் தடவி இளவெயிலில் காய விடுவார்கள். அதனால் தூரத்தில் நோட்டீசுக்காரர் வாளியும் பிரஷ்ஷுமாய் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கிட்டே வர வர, இதென்ன புது மாதிரிப் பட்டு, காப்பிக்கொட்டை நிறத்தில் இப்படிப் பளபளக்கிறது என்று பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு இழைதான் இருந்தது. ஒவ்வொன்றும் கால் அங்குல அகலம்.

சைக்கிளை நான் எங்கே போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

“வா பா” என்றார், சிரித்த முகமாக. “நீ பார்க்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னு இருந்தேன். அறுந்து அறுந்து போவுது பா இது. நாலு எடத்துல போயிட்டுது. கஞ்சி குடுத்துட்டா நிக்கும். கொஞ்சம் சாயம் விடுது, கச்சாச் சாயம் போல. பரவால்ல, முறுக்கா வந்துடும்.”

வாளியைப் பார்த்தேன். வெள்ளைக் கஞ்சி பழுப்பாக மாறியிருந்தது. பிரஷ்ஷில் பழுப்பு, அவர் விரலில் பழுப்பு, கீழே மண்ணில் சொட்டுச் சொட்டாகப் பழுப்பு. டேப்பில் குரல் இருப்பதே அந்தப் பழுப்புப் பூச்சில்தான். அதைத்தான் அந்த மனுஷன் சாயம் என்று நினைத்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். இன்னொரு முனையில் டேப் கண்ணாடித்தாள் மாதிரி வெளுத்து, வெயிலில் சுருண்டுகொண்டிருந்தது. என் தங்கை அந்த வாளிக்குள் இருந்தாள்.

அடித்தேன். கன்னத்தில் ஒன்று, பிடரியில் ஒன்று. எனக்கு இருபது வயது மூத்தவர். துண்டு கஞ்சியில் விழுந்தது. அக்கம்பக்கத்துத் தறியெல்லாம் நின்று, ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர் மனைவி ஓடிவந்து நடுவில் விழுந்தாள்.

“எப்படிடா அறுந்தது?” என்று கேட்டேன். மாமாவெல்லாம் போயிற்று. “பெட்டியில வெச்சது தானா அறுந்துடுமா? யார் போட்டுக் கேட்டது?”

அவர் கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை. கஞ்சியில் விழுந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். பிறகு, “நான்தான் பா. ஆசையில போட்டுக் கேட்டுட்டேன்” என்றார்.

“வாக்குக் குடுத்தியே, நாயே.”

“குடுத்தேன் பா. என் புத்திதான்.”

டேப்பைச் சுருட்டி, அவர் வீட்டிலிருந்த மெஷினையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். நல்ல தண்ணீரில் அலசினேன், பஞ்சால் ஒற்றினேன், காற்றாடியில் காட்டினேன். பத்து அடி பத்து அடியாக வெட்டி மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கரில் புஸ் என்ற சத்தம்தான். மூன்று நாள் கடையைத் திறக்காமல் ஒவ்வொரு துண்டாக ஓட்டினேன். ஒரு ஸ்வரம் தேறவில்லை. கடைசித் துண்டையும் ஓட்டிவிட்டு, ஆள் இல்லாத கடையில் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“அவர அடிச்சியாமே” என்றாள்.

“ஆமா. கொன்னிருக்கணும்.”

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. பெற்ற மகளை இரண்டாம் தரம் பறிகொடுத்தவள், வேறென்ன செய்வாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைக் கோயிலையும் அதோடு நிறுத்திவிட்டாள். கால் வலி என்றாள்.

அதற்கப்புறம் அவருக்குத் தெருவில் நோட்டீசுக்காரர் என்ற பெயர் போய்க் கஞ்சி என்ற பெயர் வந்தது. “இன்னா கஞ்சி, என் ரேடியோ கம்மலாப் பேசுது, ஒரு கை கஞ்சி போட்டுக் குடேன்” என்பான் ஒருத்தன். “கடியாரம் அறுந்து போச்சு, கஞ்சி இருக்குதா?” என்பான் இன்னொருத்தன். முதலில் இப்படிக் கூப்பிட்டது யார் என்று மறைக்க மாட்டேன், நான்தான். என் கடை வாசலில் நின்று அவர் காதில் விழும்படிச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். பங்குனி வந்தது. வழக்கம்போல மறுநாள் காலையில் பந்தலுக்கு வந்தார். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வெளியே கம்பத்தோரம் நின்றார். நான் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் சுற்றினேன். அதற்குள் பெருக்குகிறவள் வந்து எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவர் திரும்பி நடந்தார். இது ஒரு வருஷமல்ல, ஐந்து வருஷம் நடந்தது. ஐந்து வருஷமும் எனக்கு அது திருப்தியாக இருந்தது.

ஆறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள், தறியில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். பத்து மணிக்குச் சேதி வந்தது. அம்மா கொடியிலிருந்து ஒரு வெள்ளைப் புடவையை எடுத்து உதறினாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“சாவுக்கு.”

“அந்த ஆளு சாவுக்கா?”

அம்மா படியிறங்கினாள். அவளுக்கு அப்போது அறுபத்தைந்துக்கு மேல். தடுக்கி விழுந்து வைப்பாளோ என்று நானும் பத்தடி பின்னால் போனேன். உள்ளே போகிற எண்ணமில்லை, வாசல் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில்தான் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தார்கள், ஆண்கள் பெஞ்சில். தெருவே அங்கே இருந்தது.

அம்மா நேராகப் போய் அவர் கால்மாட்டில் நின்றாள். அழவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க பா. இந்த மனுசனக் கஞ்சி கஞ்சின்னு கூப்புட்டீங்க. அந்தக் கஞ்சிய காச்சினது நானு.”

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போறேன்னு வூட்ல சொல்லிட்டு இங்கதான் வந்துக்கினு இருந்தேன். எம் பொண்ணு பாடுறதக் கேக்க. மொத நாளு போட மாட்டேன்னாரு. உம் புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன்கான்னாரு. இதே வாசப்படியில ஒக்காந்துட்டேன். பொழுது சாயற வரிக்கும் பார்த்தாரு. அப்புறம்தான் போட்டாரு. மூணு வருசம் போட்டாரு. நான் அழுவாம கேட்டுட்டு எழுந்து போவேன். எனக்குக் கிறுக்கு ஒண்ணும் பிடிக்கல.” அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். “கேட்டுக் கேட்டு அது அறுந்துக்கினே வந்துது. தம்பியாண்ட குடுத்து ஒட்டிக்கலாம்கான்னாரு. வேணாம், தெரிஞ்சா அவன் அதையே ஒடச்சிப் போட்டுடுவான்னேன். இழ அறுந்தா நாம இன்னா செய்வோம், கஞ்சிதான குடுப்போம், குடுன்னேன். இது நூலு இல்லகான்னு ஒரு மாசம் தள்ளிக்கினே இருந்தாரு. நான்தான் காச்சி எடுத்தாந்து கையில குடுத்தேன். எம் பேச்சத் தட்ட முடியாம செஞ்சாரு. எம் பையன் கையால அடியும் வாங்கினாரு.”

என் காதில் விழுவது அம்மாவின் குரல்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே கிடையாது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முக்காட்டை விலக்கினாள். “தெரியும்கா. அன்னிக்கே என்னாண்ட சொல்லிட்டாரு” என்றாள். “வெளிய விடாத, அக்கா மேல கைய வெச்சிடுவான்னு சத்தியம் வாங்கிட்டாரு. அஞ்சு வருசமா என் வாயக் கட்டிப்போட்டாரு.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. சத்தியமாகச் சொல்கிறேன், நான் என் அம்மாவை ஒருநாளும் அடித்ததில்லை. தட்டை எறிந்திருக்கிறேன், கத்தியிருக்கிறேன், கதவை உதைத்திருக்கிறேன். அவள் மேல் விரல் பட்டதில்லை. இந்த மனுஷன் என்னைப் பற்றி இப்படியா நினைத்துக்கொண்டு செத்தார் என்று எனக்கு ஆற்ற மாட்டாத வெட்கமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், இல்லை, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று. பந்தற்காலை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

பேசி முடித்த களைப்பில் அம்மாவுக்குக் கால் தள்ளாடியது. விழப்போகிறாளே என்று தாங்கிப் பிடிக்க இரண்டே எட்டில் போய்க் கையை நீட்டினேன்.

அவ்வளவு பேர் எதிரில், அம்மா தோளைக் குறுக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தன் கன்னத்தை மறைத்துக்கொண்டாள்.